கணு இல்லாத இடத்தில் புற்று: தலை-கழுத்துப் புற்றுநோயில் கட்டிப் படிவுகள் சொல்லும் முன்னறிவிப்பு

வாய்ப்புற்றுக்கான அறுவை சிகிச்சை முடிந்த பிறகு நோயாளியின் குடும்பம் காத்திருப்பது நோயியல் அறிக்கைக்காகத்தான். கட்டி முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டதா, கழுத்து நெறிகளுக்குப் பரவியிருக்கிறதா, கதிர்வீச்சு மட்டும் போதுமா, அதோடு கீமோ மருந்தும் சேர வேண்டுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த ஓரிரு பக்கங்களே விடை தருகின்றன. அத்தகைய அறிக்கைகள் சிலவற்றில் ஒரு வரி வருவதுண்டு: கழுத்தின் கொழுப்புத் திசுவில் தனித்துக் கிடக்கும் புற்றுப் படிவு, அருகில் நிணநீர்க்கணுத் திசு இல்லை. வேறோர் ஆய்வகத்தில் இதே காட்சி 'புற்று பரவிய நிணநீர்க்கணுக்கள்' என்ற எண்ணிக்கைக்குள் கலந்துவிடும். இன்னோர் இடத்தில் அதைப் பற்றிய குறிப்பே இருக்காது.

ஒரே கண்டுபிடிப்பு மூன்று விதமாக எழுதப்படும்போது மூன்று வேறு நோய்நிலைகள் உருவாகின்றன. நோயாளிக்குக் கிடைக்கும் சிகிச்சையும் அதற்கேற்ப மாறக்கூடும். கட்டிப் படிவு அல்லது மென்திசுப் படிவு எனப்படும் இந்தச் சிறு புற்றுத் திட்டுகள் எங்கிருந்து வருகின்றன, நோயின் போக்கைப் பற்றி எவ்வளவு சொல்கின்றன, ஏன் அவற்றைத் தனியே எழுதியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கழுத்து ஏன் முக்கியம்?

மனித உடலில் ஏறத்தாழ 800 நிணநீர்க்கணுக்கள் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அவற்றில் 300 அளவுக்குக் கழுத்தில் இருக்கின்றன. நாக்கு, கன்னத்தின் உட்புறம், ஈறு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களிலிருந்து வடியும் நிணநீர் இந்தக் கணுக்களின் வழியாகவே செல்கிறது. தலை-கழுத்துப் புற்றுநோய்களில் பெரும்பான்மையானது செதிள் செல் புற்று. அது மூலக்கட்டியை விட்டு வெளியேறும்போது முதலில் பிடிக்கும் வழியும் இதுதான். ஒரு கணுவில் புற்று பரவியிருந்தாலே நோயாளி பிழைத்திருக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது இத்துறையில் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை.

இதை உணர்ந்துதான் 1906இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல், 132 அறுவைகளின் அடிப்படையில் ஒரு முறையை முன்வைத்தார். மூலக்கட்டியோடு நிற்காமல், கழுத்தின் கணுக்களையும் அவற்றைச் சூழ்ந்த கொழுப்பு, தசை, சிரை ஆகியவற்றையும் ஒரே தொகுதியாக எடுத்துவிடும் முறை அது. அர்ஜென்டினாவின் ஒஸ்வால்தோ சுவாரஸ் 1963இல் காட்டிய வழி, கணுக்களை எடுத்துவிட்டுத் தசையையும் சிரையையும் நரம்பையும் காப்பாற்ற முடியும் என்பதை நிறுவியது. இன்றைய அறுவை அந்த வழியில் வந்தது. கழுத்தின் பக்கப் பகுதியை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலங்களில் பரவல் எதிர்பார்க்கப்படுகிறதோ அவற்றை நீக்குகிறார்கள்.

வெளியில் நெறி எதுவும் தென்படாத நிலையிலும் கழுத்தைத் திறக்க வேண்டுமா என்ற நீண்டகால விவாதத்துக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை விடை தந்தது. அனில் டி'குரூஸ் தலைமையிலான குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கநிலை வாய்ப்புற்று நோயாளிகளுக்கு முதல் அறுவையின்போதே கழுத்துக் கணுக்களையும் நீக்கியபோது மூன்றாண்டு உயிர்பிழைப்பு 80 விழுக்காடாக இருந்தது. நெறி தோன்றும்வரை காத்திருந்து நீக்கியவர்களிடம் அது 67.5 விழுக்காடு. கழுத்துத் திசு அதிகமாக மேசைக்கு வரத் தொடங்கியதோடு, அதைப் படிக்கும் நோயியலாளரின் பொறுப்பும் கூடியது.

உறையைக் கடந்த புற்று

கணுவுக்குள் புற்று இருப்பது ஒரு நிலை. கணுவின் உறையைத் துளைத்துச் சுற்றியுள்ள கொழுப்புக்குள் அது இறங்குவது வேறொரு நிலை. 'கணுவுறை கடந்த பரவல்' எனப்படும் இந்த இரண்டாம் நிலையில், நோய் கழுத்திலேயே மீளும் வாய்ப்பும் தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் போகும் வாய்ப்பும் உயர்கின்றன.

2004இல் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்த இரண்டு பெரும் ஆய்வுகள் இதைச் சிகிச்சைக் கேள்வியாக மாற்றின. ஐரோப்பிய ஆய்வில் 334 பேரும் அமெரிக்க ஆய்வில் 459 பேரும் சேர்க்கப்பட்டிருந்தனர். மீளும் அபாயம் மிகுந்த நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் கதிர்வீச்சு மட்டும் கொடுப்பதா, அதோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்ப்பதா என்பதே இரண்டின் கேள்வி. ஐரோப்பிய ஆய்வில் மருந்து சேர்ந்தபோது ஐந்தாண்டு உயிர்பிழைப்பு 40 விழுக்காட்டிலிருந்து 53ஆக உயர்ந்தது. அமெரிக்க ஆய்வில் நோய் அதே இடத்தில் மீள்வது குறைந்தது. ஆனால் மொத்த உயிர்பிழைப்பில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. இரண்டின் தரவுகளையும் 2005இல் ஒருங்கே அலசியபோது, வெட்டு விளிம்பில் புற்று எஞ்சியவர்களுக்கும் கணுவுறை கடந்த பரவல் இருந்தவர்களுக்கும்தான் மருந்தின் பயன் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அறிக்கையிலுள்ள 'உறை மீறல் உண்டு' என்ற மூன்று சொற்கள், ஒருவர் சிஸ்பிளாட்டினின் கடுமையைத் தாங்க வேண்டுமா என்பதைத் தீர்மானித்து வருகின்றன. சிறுநீரகத்தையும் செவியையும் பாதிக்கக்கூடிய மருந்து அது.

2016இல் வெளியாகி 2018 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த, கட்டி, கணு, தொலைப்பரவல் ஆகியவற்றைக் கொண்டு நோய்நிலையை வகைப்படுத்தும் டிஎன்எம் விதிகளின் எட்டாம் பதிப்பு, எச்பிவி வைரஸுடன் தொடர்பில்லாத தலை-கழுத்துப் புற்றுகளில் உறை மீறலை நோய்நிலைக் கணக்கிலேயே சேர்த்தது. மீறலின் ஆழம் 2 மில்லிமீட்டர் வரை இருந்தால் சிறு மீறல், அதற்கு மேல் பெரு மீறல் எனப் பதிய வேண்டும் என்றும் சொன்னது.

கரையே தெரியாத நீர்

கட்டிப் படிவின் சிக்கல் இந்த இடத்தில் தொடங்குகிறது. உறை கடந்ததா என்று கேட்க, முதலில் உறை இருக்க வேண்டும். நிணநீர்க்குழாயை வாய்க்கால் என்றும் கணுவை ஏரி என்றும் கொண்டால், உறை மீறல் என்பது கரை உடைந்து நீர் வயலில் பாய்வது. உடைப்பைக் கையால் தொட்டுக் காட்டலாம். கட்டிப் படிவோ, ஏரியின் சுவடே தெரியாத வயலில் தேங்கி நிற்கும் நீர். கரை முற்றாகக் கரைந்துபோன பழைய ஏரியா, வாய்க்கால் உடைந்து தேங்கியதா என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்காது.

நுண்ணோக்கியின் கீழும் இதே ஐயம்தான். நிணநீர்க்கணுவை அடையாளம் காட்டுபவை அதன் உறை, உறைக்கு அடியிலுள்ள வடிகால் இடைவெளி, நிணச்செல் முடிச்சுகள் ஆகியவை. கட்டிப் படிவில் இவை எதுவும் இருப்பதில்லை. சில மில்லிமீட்டர் முதல் சென்டிமீட்டர் வரையிலான புற்றுத் திட்டு, கொழுப்பின் நடுவிலோ நார்த்திசுவின் நடுவிலோ தனியே கிடக்கும். மூலக்கட்டியோடு அதற்குத் தொடர்ச்சி இராது.

அது அங்கே வந்து சேர நான்கு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, கணு முழுவதையும் புற்று தின்று, உறையையும் அழித்துவிட்ட இறுதிக் கட்டம். இரண்டாவது, நிணநீர்க்குழாயில் பயணித்த புற்றுச்செல் கூட்டம் கணுவை அடையுமுன் வழியிலேயே சிக்கி, குழாயை உடைத்து வளர்ந்தது. மூன்றாவது, சிரை அல்லது நரம்பைப் பற்றிக்கொண்டு வந்த புற்று, அந்தக் குழாயின் அல்லது நரம்பின் அடையாளத்தை அழித்துவிட்டது. நான்காவது, மூலக்கட்டியிலிருந்து பிரிந்து அருகிலுள்ள மென்திசுவில் குடியேறிய துணைத்திட்டு.

நாக்குப் புற்றில் நான்காவது வழிக்குத் தனிக் கவனம் தேவை. நாக்குக்கும் கழுத்துக் கணுக்களுக்கும் இடையே வாயின் தரைப்பகுதியில் தசை, உமிழ்நீர்ச் சுரப்பி, நிணநீர்க்குழாய் எல்லாம் செறிந்த ஓர் இணைப்புத் திசு இருக்கிறது. மூலக்கட்டியையும் கழுத்தையும் தனித்தனியே எடுக்கும் அறுவையில் இந்த இடைப்பகுதி எஞ்சிவிடக்கூடும். இத்தாலியின் மிலான் நகரில் லூகா கலப்ரேசே குழுவினர் நாக்கை உடற்கூற்றுத் தொகுதியாகக் கருதி, இந்த இடைத்திசுவையும் சேர்த்தே நீக்கும் முறையை வலியுறுத்தினர். இடையில் புற்று தங்கியிருந்தால் நோயின் போக்கு மோசமாகிறது என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

பெருங்குடல் தந்த பாடம்

கட்டிப் படிவுகளை முறையாக ஆராய்ந்த துறை பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்த் துறை. லண்டனில் கேப்ரியல், டியூக்ஸ், பஸ்ஸி ஆகியோர் 1935இல் மலக்குடல் புற்றின் நிணநீர்ப் பரவல் பற்றி எழுதியபோதே இத்தகைய திட்டுகள் பதிவாயின. ஆனால் அவற்றை எங்கே வைப்பது என்பதில் நோய்நிலை விதிகள் பலமுறை தடம் மாறின.

1997இன் டிஎன்எம் ஐந்தாம் பதிப்பு அளவை அளவுகோலாக்கியது: 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட திட்டு நிணநீர்க்கணுவாகக் கணக்கிடப்படும். 2002இன் ஆறாம் பதிப்பு அதைக் கைவிட்டு வடிவத்தைப் பிடித்தது: விளிம்பு மழமழவென்று இருந்தால் கணு, ஒழுங்கற்று இருந்தால் சிரை வழிப் பரவல். இரண்டிலும் அறிவியல் அடிப்படை மெலிந்தே இருந்தது. ஒரே ஸ்லைடைப் பார்த்த இரு நோயியலாளர்கள் வேறு வேறு முடிவுக்கு வந்தனர். ஏழாம் பதிப்புதான் 'என்1சி' என்ற தனி இடத்தைக் கொடுத்தது. கணுக்களில் புற்று இல்லாமல் படிவு மட்டும் இருந்தால் அந்த வகை. எட்டாம் பதிப்பு எல்லையை மேலும் கூர்மையாக்கியது: சிரைச் சுவரோ நரம்போ அடையாளம் தெரிந்தால் அது படிவு ஆகாது, குழாய் ஊடுருவல் அல்லது நரம்பு ஊடுருவல் என்றே எழுத வேண்டும்.

இந்தத் தீர்விலும் ஒரு குறை தங்கிவிட்டது. ஒரு கணுவில் புற்று இருந்தாலே போதும், படிவுகள் எத்தனை இருந்தாலும் நோய்நிலையில் அவற்றுக்கு இடமில்லை. நெதர்லாந்தின் ஐரிஸ் நாக்டகால் குழுவினர் 2017இல் 17 ஆய்வுகளையும் 10,106 நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்தபோது, ஐவரில் ஒருவருக்கும் சற்று அதிகமானோரிடம் கட்டிப் படிவு இருந்தது. அவர்களுடைய உயிர்பிழைப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. கணுக்களின் நிலையைத் தாண்டியும் படிவு தன் செய்தியைச் சொல்கிறது என்பதே அந்தத் தொகுப்பின் சாரம்.

தோல் புற்றான மெலனோமாவில் இந்தப் புரிதல் முன்பே வந்துவிட்டது. மூலக்கட்டிக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட வழியில் கிடக்கும் திட்டுகள் அங்கே நோய்நிலையில் தனியே கணக்கில் வருகின்றன. புற்று கணுவுக்கு வெளியே குடியேறுவது தனிப் பொருள் கொண்ட நிகழ்வு என்பதை இரண்டு துறைகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தலை-கழுத்துத் துறை இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

கழுத்தில் கிடைத்த சான்றுகள்

தலை-கழுத்துப் புற்றில் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்ட ஆய்வுகளில் முதன்மையானது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து 2004இல் வந்தது. அந்தக் குழு பழைய ஸ்லைடுகளைத் தேடிப் புரட்டாமல், புதிதாக வரும் கழுத்து அறுவை மாதிரிகளை முன்கூட்டியே திட்டமிட்ட முறையில் வெட்டி ஆராய்ந்தது. தேடிப் பார்த்தால் மென்திசுப் படிவுகள் அரிதானவை அல்ல என்பது அதிலிருந்து தெரியவந்தது. அவை இருந்த நோயாளிகளின் உயிர்பிழைப்பும் மோசமாக இருந்தது. பின்னர் துருக்கியின் இஸ்மிர் நகர நோயியலாளர்கள் பெருங்குடலுக்கான வரையறையைக் கழுத்துக்குப் பொருத்திப் பார்த்தபோதும் படிவு மோசமான போக்கின் அடையாளமாகவே நின்றது.

இச்சான்றுகளைப் படிக்கும்போது ஒரு கேள்வியை விடாமல் கேட்க வேண்டும். படிவு தானாகவே நோயைக் கடுமையாக்குகிறதா, அல்லது கடுமையான நோயின் கூடவே வருகிறதா? படிவு உள்ளவர்களிடம் பெரும்பாலும் புற்று பரவிய கணுக்கள் அதிகம், உறை மீறல் உண்டு, மூலக்கட்டியும் ஆழமாக இறங்கியிருக்கும். இவற்றின் பங்கைப் புள்ளியியல் முறையில் பிரித்தெடுத்த பிறகும் படிவின் எடை மிஞ்சினால்தான் அதைத் தற்சார்பான முன்னறிவிப்பு எனலாம். அதற்கு நோயாளிகள் ஏராளமாக வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே வரையறை வேண்டும். ஓர் ஆய்வகம் கணுவென்று எண்ணியதை மற்றொன்று படிவென்று எண்ணினால், எத்தனை ஆய்வுகளைக் கூட்டினாலும் விடை தெளியாது. தலை-கழுத்துத் துறையில் படிவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு தெரிவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் இருத்த வேண்டும். நோயின் போக்கை முன்னுரைக்கும் அடையாளம் ஒன்று. குறிப்பிட்ட சிகிச்சையால் யாருக்குப் பயன் என்று காட்டும் அடையாளம் மற்றொன்று. உறை மீறலுக்கு இவ்விரு தகுதிகளும் உண்டு என்பதற்கு 2004இன் ஆய்வுகள் சான்று. கட்டிப் படிவுக்கு முதல் தகுதிக்கான சான்று வலுவாக இருக்கிறது. இரண்டாம் தகுதியை அது உறை மீறலிடமிருந்து இரவல் பெற்றிருக்கிறது. படிவையே அடிப்படையாக வைத்து நடந்த சிகிச்சை ஆய்வு அதன் பின்னால் இல்லை.

ஒரு திட்டு, இரு நிலைகள்

நடைமுறையில், நிணநீர் வடியும் பகுதியில் கணுவின் எச்சமின்றிக் கிடக்கும் திட்டை, உறை மீறி அழிந்த கணுவாகவே பொதுவாகக் கருதுகிறார்கள். நோயாளியின் பாதுகாப்பு நோக்கில் இது நியாயமானது. அபாயத்தைக் குறைத்து மதிப்பிடுவதைவிடக் கூட்டி மதிப்பிடுவது மேல். ஆனால் இதனால் எவ்வளவு பெரிய முடிவு எவ்வளவு சிறிய திட்டின் மேல் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

வாய்ப்புற்று நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூலக்கட்டி நடுத்தர அளவு. கழுத்தின் அதே பக்கத்தில் 2 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரே கணுவில் புற்று, உறை மீறல் இல்லை. எட்டாம் பதிப்பின்படி இது என்1, அதாவது மூன்றாம் நிலை. அதே கழுத்தில் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு கட்டிப் படிவும் இருந்து, அதை உறை மீறிய கணுவாகக் கணக்கிட்டால், 'பல கணுக்கள், அவற்றுள் ஒன்றில் உறை மீறல்' என்றாகிவிடும். அது என்3பி, நோய்நிலை நான்கு-பி. கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் சேர்ப்பது பற்றிய பேச்சும் அப்போதே தொடங்கும். அந்தத் திட்டு கண்ணில் படாமல் போனால் இவை எதுவும் நடக்காது. சில மில்லிமீட்டர் அளவுள்ள திட்டு ஸ்கேனில் தெரியும் என்றும் நம்பியிருக்க முடியாது.

கணுக்களின் எண்ணிக்கையும் இங்கே குறுக்கிடுகிறது. வாய்ப்புற்றில் புற்று பரவிய கணுக்கள் எத்தனை என்பதே முன்னறிவிப்பில் மிகவும் கனமான காரணிகளில் ஒன்று என்பதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்த் தரவுத்தளத்தை வைத்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. படிவுகளைக் கணுக்களோடு சேர்த்து எண்ணுவதா, தனியே எண்ணுவதா என்பது அந்த எண்ணையே மாற்றிவிடும்.

வெட்டும் மேசையில் தொடங்கும் பணி

படிவைக் கண்டுபிடிப்பது, ஃபார்மலினில் ஊறிய திசுவை மேசையில் வெட்டும்போதே தொடங்குகிறது. கணுக்களை விரலால் தடவி எடுத்துவிட்டு மிச்சக் கொழுப்பை ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டால், அந்தக் கொழுப்பில் கிடக்கும் திட்டு ஸ்லைடுக்கே வராது. முழுமையான கழுத்து நீக்கத்தில் குறைந்தது 15 கணுக்களாவது பார்க்கப்பட வேண்டும் என்பது எட்டாம் பதிப்பின் எதிர்பார்ப்பு. தேர்ந்தெடுத்த மண்டலங்களை மட்டும் நீக்கும் அறுவையில் 10. அந்த எண்ணிக்கை நிறைவேறியதும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. கெட்டியாகவோ வெண்மையாகவோ தென்படும் கொழுப்புப் பகுதியையும், எந்த மண்டலத்திலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு, பாரஃபின் கட்டைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஸ்லைடில் திட்டைக் கண்டதும் அதைப் படிவென்று எழுதிவிடவும் கூடாது. அதே கட்டையில் ஆழமாக இன்னும் சில சீவல்கள் எடுத்தால், கணுவின் உறை ஓரத்தில் எட்டிப்பார்க்கலாம். மீள்திசு நார்களுக்கான சாயம் மறைந்திருக்கும் சிரைச் சுவரைக் காட்டும். எஸ்100 சாயம் நரம்பை வெளிப்படுத்தும். டி2-40 சாயம் நிணநீர்க்குழாயின் உட்சுவரை அடையாளம் காட்டும். எதிர்த்திசையில் ஒரு பொறியும் உண்டு. புற்றைச் சூழ்ந்து உடல் திரட்டும் நிணச்செல்கள் கணுவைப் போலவே முடிச்சாகக் கூடலாம். உறையும் வடிகால் இடைவெளியும் இல்லாமல் நிணச்செல்கள் மட்டும் இருந்தால் அதைக் கணு என்று சொல்ல முடியாது. முன்பே கதிர்வீச்சோ மருந்தோ பெற்ற கழுத்தில் உயிருள்ள புற்றுச்செல் இல்லாமல் கெரட்டினும் அதைச் சூழ்ந்த பேருருச் செல்களும் மட்டும் எஞ்சியிருக்கலாம். அதை உயிருள்ள படிவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு அறிக்கையில் வேண்டியது சில வரிகள்தான்: படிவு உண்டா, எத்தனை, பெரியது எவ்வளவு, எந்த மண்டலம், அருகிலுள்ள கணுவிலிருந்தும் மூலக்கட்டியிலிருந்தும் விலகி நிற்கிறதா, கூடுதல் சீவல்களிலும் கணுவின் எச்சம் இல்லையா. நோய்நிலைக் கணக்கில் அதை எப்படிச் சேர்த்தார்கள் என்பதையும் எழுதிவிட்டால், விதி நாளை மாறினாலும் இன்றைய அறிக்கையைத் திரும்பப் படித்து வகைப்படுத்த முடியும். கணுவின் எண்ணிக்கைக்குள் கரைந்துபோன படிவை அப்படி மீட்டெடுக்க முடியாது.

நம் நாட்டின் கடமை

இந்தக் கேள்விக்கு விடை தரும் வாய்ப்பு இந்தியாவுக்கு இருப்பதுபோல் பல நாடுகளுக்கு இல்லை. 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் புதிதாக உதடு, வாய்ப்புற்று கண்டவர்கள் 1.4 லட்சத்துக்கு மேல். இதன் பின்னணியில் புகையிலையும் பாக்கும் இருக்கின்றன. புகையிலை சேர்ந்த வெற்றிலைப்பாக்கைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இலேயே அறிவித்துவிட்டது. புகையிலை இல்லாமலும் பாக்கு புற்றை உண்டாக்கும் என்று 2004இல் உறுதிசெய்தது. இந்த நோயாளிகளின் கழுத்துத் திசு நாள்தோறும் நம் மருத்துவமனைகளின் நோயியல் துறைகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்து புற்றுநோய்ப் பதிவகம் இயங்கிவருகிறது. சிகிச்சை முறைகளை ஒப்பிடும் பெரிய ஆய்வுகளை நம்மால் நடத்த முடியும் என்பதை டாடா நினைவு மருத்துவமனை மெய்ப்பித்திருக்கிறது. ஒரே வரையறையோடு பல மருத்துவமனைகள் சில ஆண்டுகள் தொடர்ந்து பதிவுசெய்தால், படிவு தற்சார்பான முன்னறிவிப்பா என்ற கேள்வியை நம் நோயாளிகளின் தரவுகளைக் கொண்டே தீர்க்கலாம். கன்னமும் ஈறும் மிகுதியாகப் பாதிக்கப்படும் நம் நாட்டு நோய்க்கு, பிற நாடுகளின் தரவுகளை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை.

அதுவரை சிகிச்சை முடிவைத் தள்ளிப்போட முடியாது. அறுவைக்குப் பின் ஆறு வாரங்களுக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும் என்பது நடைமுறை. அறிக்கை அதற்கு முன்பே தெளிவாக வந்தாக வேண்டும். படிவு என்று எழுதப்பட்டால் அறுவை மருத்துவரும் கதிர்வீச்சு மருத்துவரும் மருந்து மருத்துவரும் ஒன்றாக அமர்ந்து, உறை மீறலுக்குக் கொடுக்கும் எடையை அதற்கும் கொடுத்து முடிவெடுப்பதே இப்போதைய சான்றுகளுக்குப் பொருந்தும். நோயாளியின் வயதும் சிறுநீரகமும் செவித்திறனும் உடல்வலுவும் அந்த முடிவில் சேர வேண்டும். படிவு இருப்பதாலேயே யாருடைய முடிவும் எழுதப்பட்டுவிடுவதில்லை. பலரின் சராசரியைச் சொல்லும் எண், ஒருவரின் ஆயுளைச் சொல்லாது. அறிக்கை கைக்கு வரும்போது குடும்பத்தினர் 'எத்தனை நெறியில் இருக்கிறது?' என்பதோடு நிறுத்தாமல், 'நெறிக்கு வெளியே ஏதும் இருக்கிறதா?' என்றும் கேட்கலாம். அதற்குத் தெளிவான பதில் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு; அந்தப் பதிலை அறிக்கையில் தனி வரியாக எழுதித் தருவது நம் துறையின் கடமை.